ஆட்டைப் பற்றிக் கேட்ட பேபி

நான் மினி பஸ் கண்டக்டர். பெயர் செண்பகராஜ். கோவில்பட்டியில் கிளம்பி, விளாத்திகுளம் ரோட்டில் பாதி தூரம் போய், அப்புறம் கரிசல் காட்டுக்குள் திரும்பி ஒவ்வொரு ஊராக நுழைந்து வெளியே வருகிற வண்டி எங்களுடையது. இறங்குகிற இடத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஆளைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எங்கன இறங்கணும்?" என்று கேட்டால், "சங்கரபாண்டி கடைக்கிட்ட" என்பார்கள். சங்கரபாண்டி கடையைச் சாத்திப் பல வருஷம் ஆகிறது. இன்னும் சிலர் "காத்தாடிப் பக்கம்" என்பார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை நிற்கிற சீமையில் எந்தக் காத்தாடி என்று நான் கண்டேன்? வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பேன்.

இவ்வளவு வாய் பேசுகிற நான், இடத்தைச் சரியாகச் சொல்லியே ஆகவேண்டிய நாளில் எல்லாரையும் போலத்தான் சொன்னேன். அன்று என் மனைவி கிருஷ்ணவேணி பிழைத்ததற்குக் காரணம் பேபி. அவரைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமல் இருந்தால் நான் சாப்பிடுகிற சோறு செரிக்காது.

பேபிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ரேஷன் கார்டிலும் அதே பெயர்தான். பிறந்தபோது நல்ல பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அதற்குள் இதுவே நிலைத்துவிட்டது. கோவில்பட்டி வியாபாரிகள் சிலர் ஓர் அறக்கட்டளை வைத்து மூன்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். அதற்குப் போன் எடுக்கிற அறை ஒரு பருப்புக் குடோனின் மாடியில் இருக்கிறது. அந்த நம்பரைச் சுற்றுவட்டாரத்தில் பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, டீக்கடைச் சுவர் என்று ஓர் இடம் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். பகல் நேரத்தில் அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பேபி, இன்னொருவர் ஜெயகிருஷ்ணன். "வணக்கம், பேபி பேசுதேன்" என்று இவர் எடுத்ததும், "பாப்பா, பெரியவங்க யாரும் இருந்தா குடு" என்று சொல்கிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு. "நாந்தான் பெரியவ. சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். சிரிக்கமாட்டார். பதறிப்போய்க் கூப்பிடுகிற மனுஷனிடம் சிரிக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் பதிவு செய்கிற பெண்ணாக இருந்தார். ஒரே வீட்டுக்கு மாமியார் ஒரு தடவை சொல்வார், மருமகள் ஒரு தடவை சொல்வாள், இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத வீடாக இருந்தால் மகனும் ஒரு தடவை சொல்வான். மூன்று சிலிண்டர் போய் இறங்கினால் முதலாளி ஏசுவார். அதனால் ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்துச் சொன்னால் ஒன்றாகச் சேர்த்துவிடுவது வழக்கம். ஒருநாள் அப்படிச் சேர்த்ததில் பக்கத்து வீட்டுச் சிலிண்டர் விட்டுப்போயிற்று. அது வளைகாப்பு வீடு. வடைக்கு ஆட்டிய மாவைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வீட்டம்மா நேரே ஏஜென்சிக்கே வந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேபியைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து பேபி ஒன்று செய்தார். எத்தனை பேர் சொன்னாலும், ஒன்றாகச் சேர்த்த பிறகு ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டுவிடுவார். அந்தக் கரண்டிக்காரம்மா எங்கே இருக்கிறாரோ, அவருக்கும் என் நன்றி உண்டு.

ஆம்புலன்ஸ் அறையிலும் இதே பாடுதான். கயத்தாறு பக்கம் நாலுவழிச் சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தால், போகிற வருகிற வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் கூப்பிடுவார்கள். ஒருவர் டோல்கேட்டைச் சொல்வார், ஒருவர் பரோட்டாக் கடையைச் சொல்வார், ஒருவர் "நீல போர்டு" என்பார். எல்லாம் ஒரே லாரிதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி அனுப்பினால் அடுத்த நோயாளிக்கு வண்டி இருக்காது. எல்லாவற்றையும் ஒன்று என்று முடிவு கட்டிவிட்டால், லாரிக்குச் சற்றுத் தள்ளிப் பள்ளத்தில் பைக்கில் வந்த ஒருவன் கிடப்பது தெரியாமல் போகும். சேர்க்கவும் வேண்டும், சேர்த்ததைச் சந்தேகப்படவும் வேண்டும். அதுதான் வேலை என்று பேபி என்னிடம் ஒருநாள் சொன்னார். இதைச் சொல்லும்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பெரிய விஷயம் சொல்கிற முகமே இல்லை.

எங்கள் ஊர் குருவிநத்தம். இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். புஞ்சை எங்கே கிடந்தாலும், அதன் சொந்தக்காரர் எந்த ஊரோ அந்த ஊர்ப் பெயர்தான் அந்தப் புஞ்சைக்கும். குருவிநத்தம், செவ்வந்திப்பட்டி, ராமநாயக்கன்பட்டி மூன்று ஊர் நிலமும் ஒரே பெரிய வெளியில் கலந்து கிடக்கிறது. நடுவில் ஓர் ஓடை. மேற்கே ஒரு தார்ச்சாலை, அது மேல ரோடு. கிழக்கே ஒரு தார்ச்சாலை, அது கீழ ரோடு. ஒரே வரப்பில் நிற்கிற மூன்று பேர் மூன்று ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். ஓடைக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் நிற்கிற இரண்டு பேர் ஒரே ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. கேட்கிறவன்பாடுதான் திண்டாட்டம்.

அது ஐப்பசி மாதம், உளுந்துக்குக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். எனக்கு அன்று வண்டி இல்லை. மத்தியானம் தாண்டி, எங்கள் புஞ்சையில் களையெடுத்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணிக்கும் கூட இருந்த பெண்களுக்கும் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு போனேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய இடி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. எங்கே விழுந்தது, யாருக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. நடுவில் வேலிக்கருவைப் புதர், அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

அந்த இடி செவ்வந்திப்பட்டி சுடலையம்மாளின் ஆட்டு மந்தையில் விழுந்திருந்தது. பாதி ஆடு நின்ற இடத்திலேயே செத்துப்போயிற்று. சுடலையம்மாளைத் தூக்கி எறிந்துவிட்டது. மேற்கு வெளியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். போன் வைத்திருந்த அத்தனை பேரும் எடுத்துக் கூப்பிட்டார்கள். ஒருவர் செவ்வந்திப்பட்டிக் காடு என்றார், ஒருவர் ராமநாயக்கன்பட்டிக் காடு என்றார், ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஜெயகிருஷ்ணனின் கம்ப்யூட்டர் திரையில் மூன்று இடம், மூன்று விபத்து. கையில் இருந்ததோ ஒரு வண்டி. இன்னொன்று நோயாளியை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போயிருந்தது, மூன்றாவது ஒர்க்ஷாப்பில் நின்றது. அரசு வண்டியும் அந்த நேரம் வேறொரு நோயாளியோடு வெளியே போயிருந்தது.

பேபி ஒவ்வொருவரிடமும், "பக்கத்துல வேற என்ன கிடக்கு?" என்று கேட்டார். எல்லாரும் ஆடு என்றார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று சேர்த்து, டிரைவர் கடற்கரையை மேல ரோட்டுக்கு அனுப்பிவிட்டார். அதுவரை சரி.

இரண்டாவது இடி எங்கள் வரப்பில் நின்ற ஒற்றைப் பனையில் இறங்கியது. எனக்குக் கண் தெரியவில்லை, காது அடைத்துப்போயிற்று. கண் தெளிந்து பார்த்தபோது பனை உச்சியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பனைக்கும் எனக்கும் நடுவில் டீ குடிக்க நடந்துவந்த கிருஷ்ணவேணி, ஈர மண்ணில் மல்லாந்து கிடந்தாள்.

போனை எடுத்து அந்தச் சுவர் நம்பருக்கு அடித்தேன். ஜெயகிருஷ்ணன் எடுத்தார்.

"குருவிநத்தம் காட்டுல இடி விழுந்துட்டு. பொம்பள ஆளு விழுந்து கிடக்கா" என்றேன்.

"வண்டி கிளம்பிட்டு அண்ணாச்சி. மேல ரோட்டுக்கு வருது. தைரியமா இருங்க" என்று வைத்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அதே ஊர், அதே இடி, அதே பொம்பளை ஆள் என்று ஏற்கெனவே பல பேர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். எனக்கானால் அந்த நிமிஷம் சந்தோஷம். நான் சொல்வதற்கு முன்னாலேயே வண்டி கிளம்பிவிட்டதே, என்ன வேகம், என்ன ஏற்பாடு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு, என் மனைவியிடமிருந்து இரண்டு எட்டுத் தள்ளியே நின்றேன். கூட இருந்த பெண்களும் அப்படித்தான் நின்றார்கள். இடி விழுந்த ஆளைத் தொட்டால் தொட்டவனையும் இழுத்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறோம். "அண்ணே, தொட்டுராதீங்க" என்று ஒருத்தி அழுதாள். வண்டிதான் வருகிறதே, வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தோம். எங்கள் பக்கம் வராத வண்டி அது.

போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"அண்ணாச்சி, பேபி பேசுதேன், ஆம்புலன்ஸ்ல இருந்து. ஆடு எத்தனை போச்சு?"

எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. "ஆடா? ஏது ஆடு? எம் பொண்டாட்டி கட்டையா கிடக்கா, நீ ஆட்டக் கேக்குதியா?" என்று ஆரம்பித்து, பஸ்ஸில்கூட நான் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். ஒரு குறுக்குப் பேச்சு இல்லாமல் அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ ஆடே இல்ல" என்றார். அந்தக் குரல் மாறியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணாச்சி, நான் சொல்றத மட்டும் கேளுங்க. இது வேற இடம். நீங்க ஓடைக்குக் கிழக்கயா, மேக்கயா?"

"கிழக்க."

"ஓடையில தண்ணி வருதா?"

"கரை முட்டப் போவுது."

"சரி. உங்களுக்கு வண்டி கீழ ரோட்டுக்கு வரணும். அத நான் பாத்துக்கிடுதேன். வீட்டம்மா மூச்சு விடுதாங்களா? மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாருங்க."

பின்னால் ஒருநாள் அவரிடம் கேட்டேன், ஆடு இருக்கிறதா என்று கேட்காமல் எத்தனை போயிற்று என்று ஏன் கேட்டீர்கள் என்று. "இருக்கான்னு கேட்டா பதட்டத்துல எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லுவாவ. எத்தனைன்னு கேட்டா, இல்லாதவன் ஏசுவான்" என்றார். நான் ஏசினேன்.

மூக்கருகே கையை வைத்தால் அவள் மேல் பட்டுவிடும். "தொட்டா ஷாக் அடிக்கும்ங்காவளே" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல் மாதிரிக் கேட்டது.

"அடிக்காது. வந்தது மண்ணுக்குள்ள போயிட்டு. அவங்க மேல ஒண்ணும் நிக்கல. நான் சொல்லுதேன்லா, தொடுங்க அண்ணாச்சி."

முகம் தெரியாத ஒருத்தி சொன்னதை நம்பித் தொட்டேன். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் தலைமாட்டில், கவிழ்ந்துகிடந்த தூக்குவாளிமேல் வைக்கச் சொன்னார். மண்டிபோட்டு உட்காரச் சொன்னார். நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்து, மேலே இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அமுக்கச் சொன்னார். "எலும்பு ஒடிஞ்சிரும்னு பயப்படாதீங்க. பலமா அமுக்குங்க, வேகமா அமுக்குங்க, நான் எண்ணுதேன்" என்று எண்ண ஆரம்பித்தார். அவர் எண்ண எண்ண நான் அமுக்கினேன். என் கை ஓய்ந்தால் அடுத்த ஆள் வரவேண்டும் என்று சொல்லி, அழுதுகொண்டிருந்த பெண்களையும் பக்கத்தில் வரவைத்தார். தொட்டுராதீங்க என்று என்னிடம் அழுதவள்தான் அடுத்து உட்கார்ந்தாள்.

எண்ணுகிற நடுவில் இன்னொரு பேச்சும் கேட்டது. ஒரு காதில் நாங்கள், மறு காதில் சுடலையம்மாளின் மகன் இசக்கிபாண்டி. அவர் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை, பேபியின் பேச்சு மட்டும் கேட்டது. அமுக்கிக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, அம்மா பேசுதாங்களா? ... கை வெந்திருக்கு, சரி. மூச்சு வாங்குதா? ... ரத்தம் எங்கயும் வருதா? ... தம்பி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஓடைக்கு அங்கிட்டு இன்னொரு அம்மாவுக்கு மூச்சே இல்ல. உங்களுக்கு வருத வண்டிய அங்கன திருப்பப் போறேன். சொல்லாமத் திருப்பினா நீங்க ரோட்டுலயே பாத்துக்கிட்டு நிப்பீங்க, அதான் சொல்லுதேன் ... ஏசுங்க தம்பி, ஏசிட்டு அம்மாகிட்டயும் சொல்லுங்க ... இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, விடாதீங்க அண்ணாச்சி."

அந்த இடைவெளியில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல. என் மனைவிக்கு வண்டி வருமா வராதா என்பதை, ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி ஏசுவதில் என்ன தப்பு? அவன் இடத்தில் நான் இருந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கியிருப்பேன்.

அங்கே நடந்ததை இசக்கிபாண்டி பிறகு சொன்னார். சுடலையம்மாளுக்கு இடியில் காது போயிருந்தது. மகன் போனில் கத்துகிற முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டிருக்கிறார். மகன் ஓடைப் பக்கம் கையைக் காட்டி, மூக்கைப் பொத்தி, மூச்சு இல்லை என்று சைகையில் சொல்லியிருக்கிறார். செத்த ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அந்தம்மா, "போகட்டும்லே. நான் உக்காந்துதான இருக்கேன்" என்றாராம்.

"கடற்கரை அண்ணே, முக்கு ரோட்டுல திருப்பிக் கீழ ரோட்டுக்கு வாங்க" என்று பேபி சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு மறுபடியும் எண்ணிக்கை. நாங்கள் மாறி மாறி அமுக்கினோம். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. மழை முதுகில் கொட்டியது. திடீரென்று கிருஷ்ணவேணியின் தொண்டையிலிருந்து ஒரு முரட்டுச் சத்தம் வந்தது. நெஞ்சு தானாகத் தூக்கியது. நான் கையை எடுத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் போனைப் பார்த்தேன். போனில் எண்ணிக்கை நின்றிருந்தது.

"ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க" என்றார் பேபி.

மழை பெய்த கரிசலில் வண்டி இறங்காது. இறங்கினால் சக்கரத்தில் மண் அப்பி நின்றுவிடும். நாங்களும் செருப்பை விட்டுவிட்டு, உளுந்து காயப்போடுகிற படுதாவில் அவளைக் கிடத்தி நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினோம். ஒவ்வொரு எட்டுக்கும் மண் காலைப் பிடித்து இழுத்தது. கீழ ரோட்டில் ஏறியபோது கடற்கரை வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து நின்றார். கோவில்பட்டி ஆஸ்பத்திரி, அங்கிருந்து திருநெல்வேலி. பல நாள் இருந்தோம். கிருஷ்ணவேணி நடந்து வீட்டுக்கு வந்தாள். இடது காது மந்தம். அன்றைய பகல் மட்டும் அவள் மனதில் இல்லவே இல்லை. மற்றபடி என்னை ஏசுகிற ஏச்சில் ஒரு குறையும் கிடையாது. ஒவ்வொரு ஏச்சும் எனக்குச் சாமி கொடுத்த பிரசாதம்.

முதலில் செவ்வந்திப்பட்டிக்குப் போனேன். சுடலையம்மாளை டிராக்டரில் மேல ரோட்டுக்குக் கொண்டுவந்து, திருநெல்வேலியிலிருந்து திரும்பிய வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். கை வெந்த புண் ஆறிக்கொண்டிருந்தது. காலில் விழப்போனேன். "நான் ஒண்ணுஞ் செய்யலய்யா, ஒரு வார்த்தை சொன்னேன்" என்று எழுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் எங்கள் பஸ்ஸில் நடக்கிற சண்டையைத் தினமும் பார்க்கிறவன் நான்.

அப்புறம் பருப்புக் குடோன் மாடி. இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு ஏறினேன். பேபி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "யாரு அண்ணாச்சி?" என்றார். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், தெரியவில்லை. "ஆட்டக் கேட்டதுக்கு ஏசினேனே" என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

அன்று பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "ஏசுதவங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல அண்ணாச்சி. அவங்ககிட்ட வேல வாங்கலாம். பேசாம இருக்கவங்களுக்குத்தான் பயப்படுவேன்" என்றார். ஜெயகிருஷ்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் சொல்லவிடவில்லை. அன்றைக்குப் பிறகு அவரும் எல்லாரையும் திரும்பக் கூப்பிடுகிறார் என்று பேபி சொன்னார்.

சுடலையம்மாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "அப்பவும் திருப்பியிருப்பேன். மூச்சு இல்லாத ஆளுக்குத்தான் முதல் வண்டி. ஆனா அவிய வாயால அப்படி வந்ததுனால எனக்குச் சோறு இறங்குச்சு" என்றார்.

இந்த வேலையில் அவருக்கு ஒரு குறை உண்டு. கூப்பிட்டவர்கள் பிழைத்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. வண்டி ஆஸ்பத்திரியில் ஆளை இறக்கியதும் திரையில் அந்த வரி மறைந்துவிடும். குணமானவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், இழந்தவர்களுக்கு இந்த நம்பரைப் பார்க்கவே பிடிக்காது. வீட்டில் போன் அடித்தால் அவர் எடுக்கமாட்டார், பஞ்சர் கடை வைத்திருக்கிற அவர் வீட்டுக்காரர்தான் எடுப்பார்.

"எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வாரேன், நீங்க பாக்கணும்" என்றேன்.

"பாத்து என்ன செய்ய, மூஞ்சி எனக்குத் தெரியாது. போன்ல பேசச் சொல்லுங்க. இந்த நம்பருக்கு வேண்டாம், லைன் அடைச்சிரும்" என்று தன் சொந்த நம்பரைச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போட்டுக்கொடுத்தேன். கிருஷ்ணவேணி நல்ல காதில் போனை வைத்துக்கொண்டு, சரியாகக் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுக்கொண்டாள். முதலில் இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று பேசினார்கள். நன்றி சொல்வதற்கு அவளை நான் காலையிலிருந்து பழக்கிவைத்திருந்தேன். அதை அவள் மறந்துவிட்டாள்.

"யம்மா பேபி, எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. இவிய சொல்றதுதான். நீதான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தியாம்லா. நான் எதுவும் சொன்னேனா?" என்றாள்.

பேபி சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒண்ணும் சொல்லல மதினி. மூச்சு விட்டீங்க. அது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."